வலைப்படிவங்களில் தரவுப் பிணைப்பும் சரிபார்ப்புப் பிழைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவா மொழியில் ஸ்ப்ரிங் என்னும் வலைச் சட்டகத்தை, அதை எளிதில் அமைத்துத் தரும் ஸ்ப்ரிங் பூட்டோடும், பக்கத்தின் எச்டிஎம்எல்லை உருவாக்கும் தைம்லீஃப் டெம்ப்ளேட்டோடும் கொண்டு வலைப்படிவம் எழுதுவோருக்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. எல்லாப் பதில்களிலும் ஒரே உதாரணம்தான் வரும்: ஒரு நூலகத்தின் உறுப்பினர் சேர்க்கைப் படிவம். அதில் பெயர், வயது, பிறந்த தேதி, மின்னஞ்சல், முகவரி, செய்திமடல் வேண்டுமா என்று கேட்கும் டிக் பெட்டி ஆகியவை இருக்கின்றன. படிவத்துக்கு உரிய ஜாவா கிளாஸின் பெயர் மெம்பர்ஃபார்ம்.

பிணைப்பு, சரிபார்ப்பு என்று இரண்டு சொற்கள் எதற்கு? இரண்டும் ஒரே வேலைதானே?

இல்லை. உலாவி அனுப்புவது வெறும் எழுத்து. வயதுக் கட்டத்தில் 34 என்று தட்டினாலும் சர்வருக்குப் போய்ச் சேர்வது 3, 4 என்னும் இரண்டு எழுத்துகள் கொண்ட சரம்தான். அந்தச் சரத்தை எண்ணாக மாற்றி, மெம்பர்ஃபார்ம் பொருளின் உரிய பண்பில் இட்டு வைப்பது பிணைப்பு. இட்டு வைத்த பின், அந்த எண் 18-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு. வயதுக் கட்டத்தில் ஒருவர் "முப்பது" என்று எழுதினால் அது பிணைப்பிலேயே விழுந்துவிடும்; அந்தப் புலத்தின் சரிபார்ப்பு விதி பேச வாய்ப்பே கிடைக்காது. ஒரு புலத்தில் பிணைப்புப் பிழை பதிவாகியிருந்தால், அதே புலத்தின் விதிமீறலை ஸ்ப்ரிங் மேலும் சேர்ப்பதில்லை.

இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே வலியுறுத்தக் காரணம் உண்டு. "வேலிடேஷன் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை சரிபார்ப்புச் சிக்கல்களே அல்ல. மதிப்பு உலாவியை விட்டுக் கிளம்பாமல் இருந்திருக்கும், அல்லது பெயர் பொருந்தாமல் வழியில் நின்றிருக்கும், அல்லது பிழை சரியாகவே பதிவாகியும் அதைத் திரையில் காட்டும் வரி டெம்ப்ளேட்டில் இல்லாமல் இருந்திருக்கும்.

அப்படியானால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, படிவத்தை அனுப்பி, அந்தக் கோரிக்கையின் பேலோடைப் பார்க்க வேண்டும். ஜாவா நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. எந்தப் பெயரில் எந்த மதிப்பு கிளம்பியது என்பது அங்கே எழுத்துக்கு எழுத்துத் தெரியும். அதில் இல்லாத ஒன்றைச் சர்வரில் தேடுவது வீண் வேலை.

பேலோடு சரியாக இருந்தால், கோரிக்கையைக் கையாளும் கன்ட்ரோலர் மெத்தடின் முதல் வரியில், பிணைப்பு, சரிபார்ப்பு இரண்டின் பிழைகளையும் வைத்திருக்கும் பைண்டிங்ரிசல்ட் பொருளின் எல்லாப் பிழைகளையும் லாகில் (நிரல் ஓடும்போது எழுதும் பதிவேட்டில்) அச்சிடுங்கள். ஒவ்வொரு பிழையுடனும் புலத்தின் பெயர், மறுக்கப்பட்ட மதிப்பு, பிழைக் குறியீடுகள் ஆகிய மூன்றும் வரும். ஸ்ப்ரிங்கின் வலைப் பகுதிக்கு டிபக் அளவிலான லாகையும் இயக்கலாம். ஆனால் அதில் கோரிக்கையின் மதிப்புகள் இயல்பாக மறைக்கப்பட்டிருக்கும். மறைப்பை நீக்கும் அமைப்பு உண்டு என்றாலும், கடவுச்சொற்கள் லாகில் போய் உட்காரும் என்பதால் உங்கள் சொந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் அதை இயக்காதீர்கள்.

இன்னொன்று: சர்வர் சரிபார்ப்பைச் சோதிக்கும்போது படிவ டேகில் நோவேலிடேட் என்னும் பண்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உலாவியே "இந்தப் புலத்தை நிரப்பவும்" என்று தடுத்துவிடும். சர்வர் விதி வேலை செய்கிறதா என்பது தெரியாமலேயே போகும்.

ஒரே ஒரு புலம் மட்டும் எப்போதும் நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆக வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஏன்?

பிணைப்பு பெயரைக் கொண்டுதான் நடக்கிறது. இன்புட் டேகில் உள்ள நேம் பண்பின் மதிப்பும் ஜாவா கிளாஸின் பண்பின் பெயரும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட அப்படியே பொருந்த வேண்டும். பொருந்தாத பெயரைக் கண்டால் ஸ்ப்ரிங் கூச்சலிடாது. தெரியாத புலங்களைப் புறக்கணிப்பதே அதன் இயல்பான அமைப்பு. அதனால்தான் இந்தப் பிழை ஓசையில்லாமல் வருகிறது. ஐடி பண்பை மட்டும் எழுதி நேம் பண்பை விட்டுவிட்டால் உலாவி அந்தப் புலத்தை அனுப்பவே அனுப்பாது. கிளாஸில் செட்டர் மெத்தட் இல்லாவிட்டாலும் விளைவு இதுவேதான்.

பெயர்ப் பொருத்தத்துக்கு எளிய காப்பு, நேம் பண்பைக் கையால் எழுதாமல் தைம்லீஃபின் ஃபீல்டு பண்பைப் பயன்படுத்துவதுதான். கிளாஸில் இல்லாத பண்பை அதில் குறிப்பிட்டால் பக்கம் திறக்கும்போதே பிழை வெடிக்கும். ஓசையில்லாத பிழையைவிட வெடிக்கும் பிழை நல்லது.

இனி, டிசேபிள் செய்யப்பட்ட புலங்கள். டிசேபிள்டு என்னும் பண்பு கொண்ட புலத்தை உலாவி அனுப்பாது. ரீட்ஒன்லி புலத்தை அனுப்பும். நான் வேலை செய்த ஒரு படிவத்தில், மாவட்டத்தைத் தேர்ந்த பிறகே வட்டத்தின் பட்டியல் திறக்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருந்தோம். பட்டியலை நிரப்பும் ஃபங்ஷன் டிசேபிள் நிலையை நீக்கியது. ஆனால் திருத்தும் பக்கத்தில் பட்டியல் ஏற்கெனவே நிரம்பியே வந்ததால் அந்த ஃபங்ஷன் ஓடவில்லை. திரையில் வட்டத்தின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. சர்வருக்கு நல் போனது. ஜாவாவில் அரை நாள் தேடினோம். பேலோடைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"நெய்தர் பைண்டிங்ரிசல்ட் நார் பிளெயின் டார்கெட் ஆப்ஜெக்ட்" என்று தொடங்கும் பிழை எதைச் சொல்கிறது?

டெம்ப்ளேட் ஒரு பெயரைச் சொல்லிப் பொருளைக் கேட்கிறது. அந்தப் பெயரில் மாடலில், அதாவது கன்ட்ரோலர் டெம்ப்ளேட்டுக்குத் தரும் பொருள்களின் தொகுப்பில், எதுவும் இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் படிவத்தை முதன்முதலாகக் காட்டும் கெட் மெத்தடில் வெற்று மெம்பர்ஃபார்ம் பொருளை மாடலில் வைக்க மறந்திருப்பார்கள். இரண்டாவது காரணம் பெயர் வேறுபாடு. நீங்கள் பெயர் கொடுக்காவிட்டால், கிளாஸின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் சிறிய எழுத்தாக்கி அதையே ஸ்ப்ரிங் பெயராக வைத்துக்கொள்ளும். டெம்ப்ளேட்டில் வெறும் "மெம்பர்" என்று எழுதியிருந்தால் இரண்டும் சந்திக்காது. இதில் குழப்பும் அம்சம் என்னவென்றால், பக்கம் முதல் முறை ஒழுங்காகத் திறந்து, பிழையோடு திரும்பும்போது மட்டும் வெடிக்கலாம். கெட் மெத்தடில் நீங்களே "மெம்பர்" என்று பெயரிட்டு வைத்திருப்பீர்கள். அனுப்பிய படிவத்தைப் பெறும் போஸ்ட் மெத்தடிலோ ஸ்ப்ரிங் தன் வழக்கப்படி வேறு பெயர் வைத்திருக்கும். மாடல்ஆட்ரிபியூட் அனோட்டேஷனில் (நிரலில் @ குறியோடு இடும் குறிப்பில்) பெயரை வெளிப்படையாக எழுதிவிட்டால் தீர்ந்தது.

பிழை இருந்தால் படிவம் மீண்டும் வர வேண்டும். எனக்கோ 400 (கோரிக்கை தவறு) என்னும் வெறும் பக்கம் வருகிறது.

மெத்தடின் பாராமீட்டர் வரிசையைப் பாருங்கள். வேலிட் அனோட்டேஷன் பெற்ற மெம்பர்ஃபார்ம் பாராமீட்டரை அடுத்து, இடையில் எதுவும் வராமல், பைண்டிங்ரிசல்ட் நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால், பிழையை நீங்கள் கையாளப் போவதில்லை என்று ஸ்ப்ரிங் எடுத்துக்கொண்டு, எக்செப்ஷனை எறிந்து 400 என்னும் மறுமொழியைத் தந்துவிடும். உங்கள் மெத்தடின் உள்ளே நுழைவதே இல்லை. நடுவில் மாடல் பாராமீட்டரைச் செருகுவதுதான் வழக்கமான தவறு. மெம்பர்ஃபார்ம், பைண்டிங்ரிசல்ட், பிறகு மாடல்: இந்த வரிசையில் எழுதுங்கள்.

நாட்பிளாங்க், சைஸ், ஈமெயில் என்னும் சரிபார்ப்பு அனோட்டேஷன்களை எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் எது வந்தாலும் ஏற்றுக்கொள்கிறது.

முதலில் கன்ட்ரோலரில் வேலிட் அல்லது வேலிடேட்டட் அனோட்டேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாஸில் விதிகளை எழுதினால் மட்டும் போதாது. அவற்றை ஓட்டச் சொல்ல வேண்டும்.

அது இருந்தும் நடக்கவில்லை என்றால் சார்பு நூலகங்களைப் பார்க்க வேண்டும். 2020-இல் வந்த ஸ்ப்ரிங் பூட் 2.3 முதல், வெப் ஸ்டார்ட்டர் என்னும் நூலகத் தொகுப்புடன் வேலிடேஷன் ஸ்டார்ட்டர் தானாக வருவதில்லை; தனியே சேர்க்க வேண்டும். பழைய வழிகாட்டியைப் பார்த்து எழுதுவோர் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்தது இறக்குமதி வரி. 2022 நவம்பரில் வந்த ஸ்ப்ரிங் பூட் 3, ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களை விட்டு ஜகார்த்தா என்று தொடங்கும் பெயர்களுக்கு மாறிவிட்டது. வேறு ஏதோ ஒரு நூலகம் பழைய வேலிடேஷன் ஜாரைத் தன்னோடு இழுத்து வந்திருந்தால், பழைய இறக்குமதியும் பிழையில்லாமல் கம்பைல் ஆகும். அனோட்டேஷன் கண்ணுக்கு அச்சு அசலாக அப்படியே இருக்கும். ஆனால் புதிய சரிபார்ப்பி அதை ஏறிட்டும் பார்க்காது. பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு நகர்த்தியவர்கள் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

முகவரி போன்ற உட்பொருள்களுக்கு இன்னொரு விதி உண்டு. அட்ரஸ் கிளாஸுக்குள் எத்தனை விதிகள் எழுதியிருந்தாலும், மெம்பர்ஃபார்மில் உள்ள அந்தப் பண்பின் மேல் வேலிட் என்று எழுதாவிட்டால் சரிபார்ப்பு உள்ளே இறங்காது.

பெயர்ப் புலத்துக்கு நாட்நல் எழுதியிருக்கிறேன். பெயரே எழுதாமல் அனுப்பினாலும் பதிவாகிறது.

எழுதப்படாத உரைப்பெட்டியை உலாவி வெற்றுச்சரமாக அனுப்பும். வெற்றுச்சரம் நல் அல்ல. எனவே நாட்நல் திருப்தியடைந்துவிடும். நாட்எம்ப்டி எழுதினால் வெற்றுச்சரத்தைத் தடுக்கும், ஆனால் இடைவெளிப் பட்டனை இரண்டு முறை தட்டி அனுப்பினால் விட்டுவிடும். உரைக்கு வேண்டியது நாட்பிளாங்க்.

எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. சைஸ், பேட்டர்ன், ஈமெயில் ஆகியவை நல் மதிப்பைச் சரி என்றே சொல்லும். கட்டாயமா இல்லையா என்பது தம் வேலையல்ல என்பது அவற்றின் நிலை. அதனால், கட்டாயமில்லாத புலத்துக்கு "வந்தால் குறைந்தது 10 எழுத்து" என்று விதி எழுதியிருந்தால், வெற்றுச்சரம் நல் அல்ல என்பதால் சும்மா விட்ட புலமும் பிழையாகிவிடும். பிணைப்பை அமைக்கும் இனிட்பைண்டர் மெத்தடில் ஸ்ட்ரிங்டிரிம்மர்எடிட்டரைப் பதிவுசெய்து, வெற்றுச்சரத்தை நல் ஆக மாற்றச் சொல்லிவிட்டால் இரண்டு பொறிகளும் ஒருசேர விலகும். என் படிவங்களில் இதை விதிவிலக்கில்லாமல் செய்கிறேன்.

வயதுப் புலத்தில் தவறாக எழுதினால் பயனாளருக்கு ஜாவா கிளாஸ் பெயர்கள் அடங்கிய நீண்ட ஆங்கிலச் செய்தி காட்டப்படுகிறது. அதை மாற்ற முடியுமா?

முடியும். அது பிணைப்புப் பிழையின் இயல்பான செய்தி. ஒவ்வொரு பிணைப்புப் பிழைக்கும் ஸ்ப்ரிங் சில குறியீடுகளை, குறிப்பானதிலிருந்து பொதுவானதற்கு இறங்கும் வரிசையில் உருவாக்குகிறது. வயதுக்கு அவை டைப்மிஸ்மேட்ச்.மெம்பர்ஃபார்ம்.ஏஜ், டைப்மிஸ்மேட்ச்.ஏஜ், டைப்மிஸ்மேட்ச்.ஜாவா.லாங்.இன்டிஜர், டைப்மிஸ்மேட்ச் என்றிருக்கும். மெசேஜஸ் புராப்பர்ட்டீஸ் கோப்பில் இவற்றுள் எதற்கு முதலில் செய்தி கிடைக்கிறதோ அதுவே திரைக்கு வரும். "வயதை எண்ணால் எழுதவும்" என்று இரண்டாவது குறியீட்டுக்கு எழுதிவிட்டால் போதும். அனோட்டேஷனில் எழுதிய மெசேஜ் இங்கே பயன்படாது. அது சரிபார்ப்புக்கு உரியது.

வயதை இன்ட் என்று அறிவிப்பதா, இன்டிஜர் என்று அறிவிப்பதா என்பதும் இங்கே முக்கியம். படிவப் பொருளில் எப்போதும் இன்டிஜர் என்றே அறிவியுங்கள். இன்ட் என்றால், வெற்றுப் பெட்டி வகைப் பொருந்தாமைப் பிழையாகிவிடும். புலம் வராமலே போனால் மதிப்பு 0 ஆக நிற்கும். நாட்நல் அதைப் பிடிக்கவும் முடியாது, ஏனெனில் இன்ட் ஒருபோதும் நல் ஆவதில்லை. இன்டிஜர் என்றால் இரண்டு நிலையிலும் நல் கிடைக்கும். நாட்நல் தன் வேலையைச் செய்யும்.

பிறந்த தேதி சேமிக்கும்போது சரியாகப் போகிறது. திருத்தும் பக்கத்தில் தேதிப் பெட்டி காலியாக வருகிறது.

டேட் வகை இன்புட், திரையில் 15/08/1990 என்று காட்டினாலும் உள்ளே ஏற்பதும் அனுப்புவதும் 1990-08-15 என்னும் ஒரே வடிவம்தான். திரையில் தெரிவது அந்தக் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்த அலங்காரம் மட்டுமே. உங்கள் லோக்கல்டேட் பண்பின் மேல் டேட்டைம்ஃபார்மேட் அனோட்டேஷன் இல்லாவிட்டால், ஸ்ப்ரிங் அந்தத் தேதியை லோக்கேலின் (மொழி, நாட்டு அமைப்பின்) குறுகிய வடிவத்தில் டெம்ப்ளேட்டில் எழுதிவிடும். உலாவி அதைப் புரிந்துகொள்ளாமல் பெட்டியைக் காலியாக விடும். பக்கத்தின் மூலத்தைத் திறந்து வேல்யூ பண்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். 1990-08-15 போன்ற ஐஎஸ்ஓ டேட் வடிவத்தை அனோட்டேஷனில் குறிப்பிட்டாலோ, ஸ்ப்ரிங் பூட்டின் எம்விசி தேதி வடிவ அமைப்பை ஐஎஸ்ஓ என்று வைத்தாலோ சரியாகும்.

பழைய நிரல்களில் டேட் கிளாஸும் சிம்பிள்டேட்ஃபார்மேட்டும் இன்னும் உலவுகின்றன. அவற்றின் இளகிய மனம் ஆபத்தானது. 31-02-2024 என்று எழுதினால் மறுக்காமல் மார்ச் 2 என்று எடுத்துக்கொள்ளும். நாள், மாதம், ஆண்டு என்னும் வடிவத்தை எதிர்பார்க்கும் இடத்தில் 2024-06-05 என்று அனுப்பினால், 2024 என்பதை நாளாகவும் 05 என்பதை ஆண்டாகவும் கொண்டு கணக்கிட்டு, உறுப்பினர் கி.பி. 10-ஆம் ஆண்டில் பிறந்தார் என்று பிழையேதும் சொல்லாமல் பதிந்துவிடும். செட்லீனியன்ட் மெத்தடுக்கு ஃபால்ஸ் கொடுங்கள்; முடிந்தால் லோக்கல்டேட்டுக்கு மாறிவிடுங்கள்.

செய்திமடலுக்கான டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தாலும் பழைய நிலையே தொடர்கிறது.

டிக் இல்லாத பெட்டியை உலாவி அனுப்பாது. சர்வருக்கு "இல்லை" என்று வருவதில்லை, எதுவுமே வருவதில்லை. தரவுத்தளத்திலிருந்து எடுத்த பொருளின் மேலேயே பிணைத்தால் பழைய மதிப்பு அப்படியே நிற்கும். இதற்காகவே ஸ்ப்ரிங், பெயருக்கு முன் அடிக்கோடு இட்ட மறைபுலம் ஒன்றை எதிர்பார்க்கிறது. அடிக்கோட்டுப் புலம் வந்து உண்மைப் புலம் வராவிட்டால் ஃபால்ஸ் என்று கொள்ளும். தைம்லீஃபின் ஃபீல்டு பண்பு அந்த மறைபுலத்தைத் தானே எழுதிவிடும். நேம் பண்பைக் கையால் எழுதியவர்கள் மறைபுலத்தையும் கையால் எழுத வேண்டும்.

படிவம் திரும்பி வருகிறது. ஆனால் எந்தப் பிழையும் காட்டவில்லை.

பயனாளரைக் கோபப்படுத்துவதில் இதற்கு இணை வேறில்லை. மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்.

கடவுச்சொல்லும் அதை உறுதிசெய்யும் புலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது போன்ற விதியைக் கிளாஸ் அளவிலான அனோட்டேஷனாக எழுதியிருந்தால், அதன் பிழை எந்தப் புலத்தையும் சாராத பொதுப் பிழையாகப் பதிவாகும். டெம்ப்ளேட்டில் புலத்துக்குப் புலம் மட்டும் பிழைகளைக் காட்டியிருந்தால் அது வெளிவர வழியே இல்லை. படிவத்தின் தலைப்பில் பொதுப் பிழைகளைக் காட்டும் பகுதி ஒன்றை எப்போதும் வையுங்கள். அல்லது கன்ட்ரோலரில் ரிஜெக்ட்வேல்யூ மெத்தடைக் கொண்டு பிழையை உறுதிசெய்யும் புலத்தின் மேலேயே ஏற்றுங்கள். அதேபோல, திரையில் இல்லாத ஒரு பண்புக்கு நாட்நல் இருந்தாலும் இதே நிலைதான். சேர்க்கும்போது தேவையில்லாத உறுப்பினர் எண்ணை, திருத்தும் படிவத்துக்காகக் கட்டாயமாக்கி வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கிளாஸ் வைப்பதே என் விருப்பம். வேலிடேட்டட் அனோட்டேஷனின் குழுக்களாலும் பிரிக்கலாம்.

அடுத்து, பிழை இருக்கும்போது ரீடைரக்ட் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ரீடைரக்ட் என்பது புதிய கோரிக்கை. பழைய கோரிக்கையோடு பைண்டிங்ரிசல்ட் மறைந்துவிடும். பிழை இருந்தால் டெம்ப்ளேட்டின் பெயரை நேரே திருப்ப வேண்டும். வெற்றிபெற்றால் மட்டும் ரீடைரக்ட். கடைசியாக, ரீடைரக்ட் செய்யாமலேயே மாடலில் புதிய மெம்பர்ஃபார்ம் பொருளை நீங்களே மீண்டும் வைத்துவிட்டால், பிழைகள் பழைய பொருளோடு போய்விடும்.

இதனோடு சேர்ந்து வரும் புகார் ஒன்று: பிழையோடு திரும்பிய பக்கத்தில் மாவட்டப் பட்டியல் காலியாக இருக்கிறது. கெட் மெத்தடில் மட்டும் பட்டியலை மாடலில் வைத்ததே காரணம். மாடல்ஆட்ரிபியூட் அனோட்டேஷன் பெற்ற தனி மெத்தடில் பட்டியலைத் தந்தால் அந்தக் கன்ட்ரோலரின் இரண்டு வழிகளுக்கும் அது கிடைக்கும். கடவுச்சொல் பெட்டி காலியாகத் திரும்புவது மட்டும் பிழையல்ல. தைம்லீஃப் வேண்டுமென்றே அதன் மதிப்பை எழுதுவதில்லை.

தமிழில் எழுதிய பெயரைப் படிவம் மறுக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் ஏற்கிறது.

பேட்டர்ன் விதியில் ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதித்திருந்தால் காரணம் வெளிப்படை. அதை மாற்றி "எந்த மொழியின் எழுத்தும்" என்று பொருள்படும் யூனிகோட் எல் வகுப்பை எழுதிய பின்னும் தமிழ்ப் பெயர் மறுக்கப்படும்போதுதான் பலர் திகைக்கிறார்கள். யூனிகோடில் க, த, ம போன்றவை எழுத்து வகுப்பைச் சேர்ந்தவை. ஆனால் கொம்பு, சுழி, புள்ளி ஆகியவை எழுத்துகளாக அல்ல, எம் என்னும் குறி வகுப்பாக வைக்கப்பட்டுள்ளன. "கு" என்பது யூனிகோடுக்கு ககரமும் உகரக் குறியுமாகிய இரண்டு. ஆகவே எல், எம் ஆகிய இரண்டு வகுப்புகளையும் இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். தலைப்பெழுத்துக்குப் புள்ளி வைப்பது நம் வழக்கம். புள்ளியை மறந்தால் எஸ். முருகன் உள்ளே வர முடியாது. குடும்பப் பெயர் என்னும் புலத்தைக் கட்டாயமாக்கினாலும் அவரால் வர முடியாது. அது நிரல் பிழையல்ல, படிவத்தை வடிவமைத்தவரின் பிழை.

நீளக் கணக்கிலும் இதே கதை தொடர்கிறது. கிருஷ்ணமூர்த்தி என்பது நம் கணக்கில் எட்டு எழுத்து. ஜாவாவின் லெங்த் மெத்தடுக்கும், அதன் வழியே சைஸ் விதிக்கும், அது 15. யூடிஎஃப்-8 பைட்டாகக் கணக்கிட்டால் 45. ஆரக்கிள் தரவுத்தளத்தில் நெடுவரிசையின் நீளம் இயல்பாகப் பைட்டில் அளக்கப்படுவதால், சைஸ் விதியில் 40 என்றும் நெடுவரிசையில் 40 என்றும் எழுதியிருந்தால், சரிபார்ப்பைத் தாண்டிய கிருஷ்ணமூர்த்தி தரவுத்தளத்தில் போய் மோதி 500 என்னும் சர்வர் பிழையாகத் திரும்புவார். மைஎஸ்க்யூஎல் எழுத்துக்குறிகளில் அளப்பதால் அங்கே இது நேராது.

ஒரே படிவத்தில் குடும்பத்தினர் பலரைச் சேர்க்கும் வரிசைகள் இருக்கின்றன. நடுவில் ஒரு வரிசையை நீக்கினால் வெற்றுப் பதிவு ஒன்று முளைக்கிறது.

பட்டியலின் பெயர்கள் மெம்பர்ஸ்[0].நேம், மெம்பர்ஸ்[1].நேம் என்று எண்ணோடு செல்கின்றன. நடுவரிசையை ஜாவாஸ்கிரிப்ட் நீக்கிவிட்டு, எண்களை மறுபடி அடுக்காமல் 0, 2 என்று அனுப்பினால், ஸ்ப்ரிங் பட்டியலை 2 வரை வளர்த்து, இடையில் 1-க்கு வெற்றுப் பொருளை வைத்துவிடும். அனுப்புமுன் எண்களை மறுபடி அடுக்குங்கள், அல்லது சர்வரில் வெற்றுப் பொருள்களைக் களையுங்கள். பட்டியல் தானாக வளரும் எல்லை இயல்பாக 256. அதற்கு மேல் வரிசைகள் கொண்ட படிவம் உங்களிடம் இருந்தால், எல்லையை உயர்த்துவதற்கு முன் அது படிவமாக இருக்கத்தான் வேண்டுமா, கோப்பாகப் பதிவேற்றலாமா என்று யோசியுங்கள்.

அதே கிளாஸை ஜேசனுக்கு (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) மாற்றினால் 415 (ஏற்காத தரவு வகை) வருகிறது. சரிசெய்தால் ஒரே ஒரு பிழைதான் காட்டுகிறது.

கோரிக்கையின் உடலை முழுதாகப் படிக்கச் சொல்லும் ரிக்வெஸ்ட்பாடி அனோட்டேஷன் உள்ள மெத்தடுக்குச் சாதாரணப் படிவத்தை அனுப்பினால் 415 வரும். அது இல்லாத மெத்தடுக்கு ஜேசன் அனுப்பினால் எல்லாப் புலங்களும் நல் ஆகும். இவை இரண்டும் வெவ்வேறு வழிகள். படிவப் பிணைப்பு புலம் புலமாக முயன்று பிழைகளைச் சேகரிக்கும். ஜேசனோ முழுதாகப் பொருளாக மாற்றப்படுகிறது. வயதில் எழுத்து இருந்தால் அங்கேயே மாற்றம் நின்று 400 வரும், மற்றப் புலங்களின் சரிபார்ப்பு தொடங்குவதே இல்லை.

கோப்புப் பதிவேற்றமும் 403 (அனுமதி மறுப்பு) பிழையும்?

இரண்டும் பிணைப்புக்கு முந்தைய வாசலில் நடப்பவை. படிவ டேகில் மல்டிபார்ட் என்க்டைப் இல்லாவிட்டால் கோப்பின் பெயர் மட்டுமே வரும். ஸ்ப்ரிங் பூட்டின் இயல்பான எல்லை ஒரு கோப்புக்கு 1 எம்பி, ஒரு கோரிக்கைக்கு 10 எம்பி; கைபேசியில் எடுத்த படம் எளிதாக இதைத் தாண்டும். 403 என்பது பெரும்பாலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை நம் படிவத்திலிருந்தே வந்தது என்று காட்டும் மறைகுறி) இல்லாததால் வருவது; தைம்லீஃபின் ஆக்‌ஷன் பண்பைப் பயன்படுத்தினால் டோக்கன் தானாகச் சேரும், வெறும் எச்டிஎம்எல் ஆக்‌ஷன் என்றால் சேராது.

தரவுத்தள அட்டவணைக்கு உரிய எண்டிட்டி கிளாஸிலேயே நேராகப் பிணைத்தால் என்ன? ஏன் தனிப் படிவ கிளாஸ்?

திரையில் இல்லாத புலத்தையும் அனுப்ப எவராலும் முடியும் என்பதால். உறுப்பினர் எண்டிட்டியில் அட்மின் என்னும் பண்பும் அதற்குச் செட்டரும் இருந்தால், பேலோடில் அந்தப் பெயரைச் சேர்த்து அனுப்புபவர் நிர்வாகியாகிவிடலாம். 2012 மார்ச்சில் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலேயே இது நிகழ்ந்தது: ஓர் ஆய்வாளர் இதே வகை ஓட்டையைப் பயன்படுத்தித் தன் பொதுச் சாவியை ரெயில்ஸ் என்னும் வலைச் சட்டகத் திட்டத்தின் பெயரில் சேர்த்து, அதன் களஞ்சியத்தில் எழுதிக் காட்டினார். அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4, அனுமதிக்கும் புலங்களைக் கன்ட்ரோலரில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஆக்கியது. 2022 மார்ச்சில் வெளிவந்த ஸ்ப்ரிங்4ஷெல் ஓட்டையும் பிணைப்பின் வழியேதான் நுழைந்தது. பண்பிலிருந்து பண்புக்குத் தாவி, கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடர் வரை போக முடிந்தது. ஸ்ப்ரிங் சட்டகத்தின் 5.3.18, 5.2.20 ஆகிய பதிப்புகளில் அது அடைக்கப்பட்டது. திரையில் உள்ள புலங்களை மட்டும் கொண்ட படிவ கிளாஸ் கூடுதல் வேலை போலத் தோன்றலாம். அந்த வேலையைத் தவிர்க்கும் யோசனையை நான் ஏற்பதில்லை.

மற்றச் சட்டகங்களிலும் இவை பொருந்துமா?

பெயர்ப் பொருத்தம், டிசேபிள்டு புலம், டிக் பெட்டி ஆகியவை உலாவியின் இயல்புகள், எங்கும் பொருந்தும். மற்றவை சட்டகத்துக்குச் சட்டகம் மாறும். பிஎச்பி மொழியின் லாராவெல், 5.4 பதிப்பிலிருந்து வெற்றுச்சரத்தைத் தானாக நல் ஆக மாற்றுவதால், கட்டாயமில்லாத புலத்துக்கு நல்லபிள் என்னும் விதியை எழுத வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட்நெட் கோரில் நல்லபிள் வசதி இயங்கும் திட்டத்தில், கேள்விக்குறி இல்லாத ஸ்ட்ரிங் பண்பு சொல்லாமலே கட்டாயமாகிவிடும். அங்கே இன்னொரு விசித்திரமும் உண்டு: போஸ்ட் மெத்தடுக்குள் மாடலின் மதிப்பை மாற்றினாலும் திரையில் பழையதே வரும், ஏனெனில் டேக் உதவிகள் மாடலைவிட, பயனாளர் அனுப்பிய மதிப்புகளை வைத்திருக்கும் மாடல்ஸ்டேட்டையே முதலில் பார்க்கின்றன.

மாக்எம்விசி (உலாவி இல்லாமல் கன்ட்ரோலரைச் சோதிக்கும் ஸ்ப்ரிங் கருவி) சோதனைகள் எல்லாம் பச்சையாக இருக்கின்றன. பயனாளரிடம் மட்டும் படிவம் தோற்கிறது. எப்படி?

சோதனையில் பாராமீட்டர் பெயர்களை நீங்களே கையால் எழுதுகிறீர்கள். அவை கிளாஸோடு பொருந்தும்படியே எழுதுவீர்கள். டெம்ப்ளேட்டில் உள்ள பெயர் வேறாக இருந்தால் சோதனைக்கு அது தெரியாது. கெட் கோரிக்கையால் பக்கத்தைப் பெற்று, அதில் உள்ள படிவத்தையே நிரப்பி அனுப்பும்படி எச்டிஎம்எல்யூனிட் என்னும் திரையில்லா உலாவி நூலகத்தைக் கொண்டு ஒரு சோதனையாவது எழுதுங்கள். மாக்எம்விசியோடு அதை இணைக்கும் வசதி ஸ்ப்ரிங்கிலேயே இருக்கிறது. வெற்றுப் படிவத்தை அப்படியே அனுப்பி, திரும்பிய பக்கத்தில் ஒவ்வொரு கட்டாயப் புலத்தின் அருகிலும் பிழைச் செய்தி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று, மேலே சொன்னவற்றில் பாதியையாவது பிடித்துவிடும். ஜாவாஸ்கிரிப்டால் டிசேபிள் ஆகும் புலத்தை மட்டும் உண்மையான உலாவியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.